பெயரை நீக்கித் தேர்ச்சி காட்டாதீர்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் ஒவ்வொரு ஆண்டும், நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளிகள் எத்தனை என்று தனியே ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. அந்தப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பள்ளி வாசலில் பேனர் கட்டுகிறார்கள். இரவு பகல் பாராமல் உழைத்து அந்த நூறைத் தொட்ட பள்ளிகள் உண்டு. அவர்களின் உழைப்பை நாம் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால், அந்த மேடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது உடன் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் காணாமல் போனவர்கள் எங்கே?

வடசென்னையின் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் இந்தக் கேள்விக்கான பதில் தெருவுக்கே தெரியும். மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான் ஒருவன். விடிகாலை மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறான் இன்னொருவன். முகூர்த்த நாள்களில் கேட்டரிங் ஆட்களோடு போய்ப் பந்தி பரிமாறிவிட்டு நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறான் மற்றொருவன். ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயில் இவர்களின் அம்மாக்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். "இவன் பத்தாவது தேற மாட்டான்மா. டி.சி. வாங்கிட்டுப் போய் ஐ.டி.ஐ.யில போடு, இல்லன்னா பிரைவேட்டா எழுதட்டும். எங்க ரிசல்ட்டைக் கெடுக்காதே" என்றார்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பிள்ளையை அழைத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டு வேலைக்குப் போகிற தாய், ஒரு வேளைக் கூலியை விட்டுவிட்டு வந்து, அந்தத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள். பதிவேட்டில் அது பெற்றோர் விருப்பம் என்று பதிவாகிவிட்டது.

இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒரு பள்ளி செய்யக்கூடிய துரோகங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. படிக்க வராத பிள்ளையைப் படிக்க வைப்பதற்காகவே மக்கள் வரிப்பணத்தில் பள்ளி நடத்தப்படுகிறது. அந்தப் பிள்ளையையே கழித்துவிட்டு எஞ்சியவர்களை வைத்து நூறு காட்டினால், அது பொய்க் கணக்கு. அந்தக் கணக்கை நம்பிப் பொன்னாடை போர்த்தும் அதிகாரிகளும் அந்தப் பொய்யில் பங்குதாரர்கள்.

ஏன் சரியாக ஒன்பதாம் வகுப்பில் இது நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கே பாதுகாப்பு தருகிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. தமிழ்நாட்டில் அதுவரை யாரையும் தேர்ச்சி இல்லை என்று நிறுத்திவைப்பதும் இல்லை. இந்தக் கொள்கையை நாம் ஆதரிக்கிறோம். பத்து வயதுக் குழந்தையைத் தோல்வி என்று முத்திரை குத்துவதால் அதற்கு எழுத்து வந்துவிடாது. ஆனால், எட்டாம் வகுப்பு முடிந்து பிள்ளைக்கு வயது பதினான்கு தாண்டியதும் சட்டத்தின் கை விலகிக்கொள்கிறது. அந்த இடத்தில் பத்தாம் வகுப்பு என்ற பொதுத்தேர்வு காத்திருக்கிறது. சட்டம் விட்ட இடைவெளி எதுவோ, அதிலேயே பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வரை எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாரையும் பாஸ் போட்டதால் வந்தது என்பது சோம்பேறித்தனமான பதில். முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் எது வரவில்லை என்று அவ்வப்போது கண்டு, அதை அப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. கண்டறிவது பதிவேட்டோடு நின்றது. சொல்லிக்கொடுப்பது நடக்கவே இல்லை. இதன்மேல் கொரோனாவும் வந்து விழுந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, தொடக்க வகுப்புகளுக்காகப் பள்ளி மீண்டும் திறந்த 2021 நவம்பர் 1 அன்று ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. ஒற்றை அறை வீட்டில், ஒரே கைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்ற குடும்பங்களில், ஆன்லைன் வகுப்பு என்பது செய்தித்தாளில் மட்டுமே இருந்தது. வாசிப்பும் வகுத்தலும் பிடிபட வேண்டிய பருவம் அப்படியே போயிற்று. இல்லம் தேடிக் கல்வியும் எண்ணும் எழுத்தும் திட்டமும் பிறகு வந்தன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் எண்ணும் எழுத்தும் தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆறாம் வகுப்புக்குத் தாண்டிவிட்ட அந்தப் பிள்ளையை அது தொடவில்லை. 2025-26 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இவர்களைத்தான் பள்ளிகளில் "மெல்லக் கற்கும் மாணவர்கள்" என்று பட்டியல் போட்டுப் பின் பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள். கற்றுக்கொடுக்கவே படாத ஒன்றை மெல்லக் கற்றதாக ஒரு பிள்ளையின்மேல் பழி போடுவது எந்த நியாயத்தில் சேரும்?

2023 மார்ச் 13 அன்று நடந்ததை இந்த மாநிலம் மறந்திருக்காது. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தேர்வு. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வறைக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பில் கொரோனாவால் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்றவர்கள் அவர்கள். பலர் பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். பெயர் மட்டும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது, சட்டமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது, ஆசிரியர்கள் வீடு வீடாக அனுப்பப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து கல்வித் துறை கற்றிருக்க வேண்டிய பாடம், ஒரு பிள்ளை தொடர்ந்து வராத முதல் வாரத்திலேயே அதைத் தேடிப் போக வேண்டும் என்பது. பல பள்ளி நிர்வாகங்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. தேர்வறையில் காலி மேசை கண்ணில் படக்கூடாது, அதற்கு முன்பே பெயர் போய்விட வேண்டும் என்பதுதான் அது என்று நாம் அஞ்சுகிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்பவர்களுக்கு, வடசென்னைப் பள்ளி ஒன்றில் நாம் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு டி பிரிவு. மதிப்பெண் பார்த்துப் பிரித்து, தேறாதவர்கள் என்று ஒதுக்கியவர்களை ஒன்றாகக் கொட்டிவைத்த பிரிவு அது. கணக்கு ஆசிரியை பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் ஒருவன் தலைகவிழ்ந்து தூங்கினான். விரல்களில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். அவனை அவர் அதட்டவில்லை. கைப்பையிலிருந்து ஓர் இஞ்ச் டேப்பை எடுத்து அவன் மேசையில் வைத்து, "இந்த மேசை எவ்வளவு நீளம்னு பார்த்துச் சொல்லு" என்றார். டேப்பைப் பிடித்த விதத்திலேயே பையனுக்குத் தூக்கம் கலைந்தது தெரிந்தது. "ரெண்டடி ஏழு இஞ்ச் மூணு நூல்" என்றான். பட்டறைக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆசிரியை கரும்பலகையில் மூன்று நூலை எட்டில் மூன்று என்று எழுதினார். "இந்த நீளத்துல ஒரு பைப்பைச் சரிபாதியா வெட்டினா ஒவ்வொண்ணும் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டு, தாமே கணக்கிட்டு ஓரடி மூன்று அங்குலம் ஐந்தரை நூல் என்று எழுதினார். பையன் எழுந்து நின்றான். "அஞ்சு நூல்தான் வரும் மிஸ். கட்டிங் வீல் ஒரு நூல் தின்னுடும்." வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்து, வீல் தின்ற நூலையும் சேர்த்து அந்தக் கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். எட்டைக் கீழே வைத்து எண்களை அவன் கூட்டினான், கழித்தான், சரியாக முடித்தான். பின்னம் தெரியாதவன் என்று மதிப்பெண் பட்டியலில் சுழிக்கப்பட்டிருந்த பையன் அவன்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பீரியடுக்குத் தவறாமல் வந்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு வழி திறந்தது. அந்த ஆசிரியை செய்தது மந்திரம் ஒன்றும் அல்ல. பையன் எங்கே வேலைக்குப் போகிறான், அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டு வைத்திருந்தார், அவனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினார், தம்மைத் திருத்த அவனுக்கு இடம் கொடுத்தார். இதற்குத் தேவைப்பட்டது நேரம். அந்த நேரத்தைத்தான் அரசு அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

நவம்பரில் அவர் வகுப்பில் இல்லை. 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகப் படிவம் கொடுக்கப் போயிருந்தார். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். டி பிரிவுக்கு யார் கிடைக்கிறாரோ அவர் வந்து உட்கார்ந்தார். பையன் மறுபடி பட்டறைக்குப் போய்விட்டான்.

தேர்தல் பணி சட்டப்படியானது, மறுக்க முடியாது என்று பதில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு எந்தப் பணிக்கும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தலுக்கு அதில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் செயின்ட் மேரீஸ் பள்ளி வழக்கில் 2007 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பட்டியல் திருத்தத்துக்கும் தேர்தல் வேலைக்கும் ஆசிரியர்களை விடுமுறை நாள்களிலும் வகுப்பு இல்லாத நாள்களிலும்தான் பயன்படுத்த வேண்டும். பாடம் நடக்கும் நாளில், பாடம் நடக்கும் நேரத்தில் பொதுவாக அவர்களை இழுக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு வந்து எத்தனை தேர்தல்கள் கடந்துவிட்டன! தேர்தல் ஆணையமும் மாவட்ட நிர்வாகமும் அதை ஏட்டுச் சுரைக்காயாக வைத்திருப்பதை நாம் கண்டிக்கிறோம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியின் கணக்கு ஆசிரியரை நவம்பரில் இப்படி வெளியே அனுப்ப எந்த அதிகாரிக்காவது துணிவு வருமா?

தேர்தல் இல்லாத மாதங்களிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. எமிஸ் என்ற கல்வித் துறையின் தரவுச் செயலியில் வருகைப் பதிவு, உயரம், எடை, ஆதார், வங்கிக் கணக்கு, நலத்திட்டப் பொருள் வழங்கிய விவரம் என்று ஓயாத தரவேற்றம். இணையம் சுற்றிக்கொண்டே இருக்க, ஆசிரியர் கைபேசியைப் பார்த்தபடி நிற்கிறார். வகுப்பு அவரைப் பார்த்தபடி இருக்கிறது. பாதிப் பாடவேளை அங்கே போய்விடுகிறது. சுமையைக் குறைப்போம் என்ற அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. ஒரு படிவம் போனால் வேறொன்று வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவே நிரந்தர ஆசிரியர்களே இல்லாத பணியிடங்கள். எந்தப் பள்ளியிலும் காலியிடம் அனுமதிக்கப்பட்டதில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. 2022ல் மாநிலமெங்கும் 13,331 இடங்களைத் தற்காலிக ஆசிரியர்களை வைத்து நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று மாத ஊதியம் அறிவித்தார்கள். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதிய ஒருவரைச் சென்னையில் வீட்டு வாடகைக்குக்கூடப் போதாத பணத்தில் நிறுத்திவிட்டு, ஊரிலேயே மிகக் கடினமான வகுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஏப்ரலில் அவர் போய்விடுவார். ஜூனில் வேறொருவர் வருவார், அல்லது ஆகஸ்டில் வருவார். யார்மீதும் நம்பிக்கை வைக்காத பிள்ளைக்கு ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினால் அது யாரை நம்பும்?

வாழ்விடம் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளின் துயரம் இதிலும் கொடியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் ரயில்பாதை ஓரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பலமுறை இது கல்வியாண்டின் நடுவில் நடந்திருக்கிறது. வீடு இடிபடுவது பரீட்சைக்கு முன்னாலா பின்னாலா என்று யாரும் பார்ப்பதில்லை. பழைய பள்ளிக்கே போக வேண்டுமென்றால் விடிவதற்குள் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, முதல் பீரியட் முடியும்போது வந்து சேர வேண்டும். தாமதமாக வந்ததற்கு வாசலிலேயே நிற்க வைக்கப்படுகிற பிள்ளை, அடுத்த வாரம் வருவதில்லை. புதிய இடத்துப் பள்ளியிலோ வகுப்பறை பிதுங்குகிறது. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயரை மாற்றியவர்கள், ஜூனுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பள்ளிப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டையும் காலி செய்யக் கூடாது என்ற ஒரு வரி ஆணையை ஏன் போடவில்லை?

பிள்ளைகளைப் பற்றி நாம் பேசும் மொழியும் இந்தத் தவற்றில் சேர்த்தி. 2022ல் சில மாணவர்கள் ஆசிரியர்களை அவமதித்த, மேசை நாற்காலிகளை உடைத்த காணொளிகள் பரவின. ஆசிரியர்கள் அன்று பட்ட வேதனையை நாம் உணர்கிறோம். வகுப்பறையில் ஆசிரியருக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த மே மாதம், ஒழுங்கீனமாக நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் டி.சி.யிலேயே எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு வீட்டில் அடைபட்டு, கூலி வேலைக்குப் போய், பழக்கம் மாறித் திரும்பிய பிள்ளைகளுக்கு அரசு காட்டியது கதவைத்தான். அதே காலத்தில் பள்ளி வாசலில் தலைமுடியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் பெருகியது. "புள்ளிங்கோ" என்று பட்டம் சூட்டி, கத்தரியோடு நின்று முடி வெட்டியவர்களைச் சமூகம் கைதட்டிப் பாராட்டியது. காலையில் எல்லார் முன்பும் தலை குனிந்து நின்றவனுக்கு அன்று எந்தப் பாடம் ஏறும்? உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கேட்டுவிட்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கண்டனம் நேரடியாகப் பொருந்தும். சுமை அதிகம் என்பது பிள்ளையை இழிவாகப் பேச உரிமை தராது.

தனி ஆசிரியர் ஒருவர் நினைத்தால் எல்லாம் மாறும் என்ற கதையைச் சொல்லி அரசுகள் தப்பித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. உலகம் கொண்டாடிய அப்படியோர் ஆசிரியர் ஹைமே எஸ்கலாண்டே. பொலிவியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1974 முதல் கணக்கு நடத்தியவர். அங்கீகாரமே பறிபோகும் நிலையில் இருந்த பள்ளி அது. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலே போதும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அவர் நுண்கணிதம் வரை அழைத்துப் போனார். 1982ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்திலான தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். ஏழைப் பிள்ளைகள் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது என்பதைப்போலத் தேர்வு நிறுவனம் 14 பேரின் விடைத்தாள்களைச் சந்தேகித்தது. அவர்களில் 12 பேர் மறுபடியும் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். 1988ல் அது திரைப்படமாகவும் வந்தது. இங்கேயும் பலர் அந்தப் படத்தைப் பார்த்து உருகியிருக்கிறார்கள்.

படம் அதிகம் சொல்லாத பகுதி நமக்கு முக்கியம். எஸ்கலாண்டேவுக்குப் பின்னால் அவர் கேட்டதைச் செய்துகொடுத்த ஒரு முதல்வர் இருந்தார். பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் வகுப்பு நடந்தது. கீழ்வகுப்புகளில் அடித்தளம் போட மற்ற ஆசிரியர்களைக் கொண்டு ஒரு வரிசையே கட்டப்பட்டது. 1978ல் அவர் தொடங்கிய முதல் நுண்கணித வகுப்பில் கடைசிவரை நின்றவர்கள் மிகச் சிலர். அங்கிருந்து 1982ஐ எட்ட ஆண்டுகள் பிடித்தன. அந்த முதல்வர் போனதும் ஆதரவு போயிற்று, வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை பற்றி ஆசிரியர் சங்கத்தோடு சச்சரவு வந்தது. 1991ல் எஸ்கலாண்டே அந்தப் பள்ளியை விட்டே போனார். பின்வந்த ஆண்டுகளில் கார்ஃபீல்டின் நுண்கணிதத் தேர்ச்சி சரிந்தது. உலகமே போற்றிய ஆசிரியருக்கே நிலை அது. அப்படியிருக்க, வடசென்னைப் பள்ளியில் கையில் இஞ்ச் டேப்போடு நிற்கும் ஆசிரியைக்கு நல்லாசிரியர் விருது கொடுத்துவிட்டு, அவர் நேரத்தையும் அவர் வகுப்பையும் பறித்துக்கொண்டால் அந்த விருதால் யாருக்குப் பயன்?

தலைமை ஆசிரியர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியரை மீளாய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துகிறார்கள். விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. 17ஏ, 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பெயரைக் கேட்டாலே ஓய்வை நெருங்கும் ஒருவருக்கு உறக்கம் போய்விடும். பத்துப் பிள்ளைகள் தோற்றால் நடவடிக்கை. இருபது பிள்ளைகள் காணாமல் போனால் கேள்வியே இல்லை. இந்த நிலையில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது சென்னையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக் கல்வி இயக்குநருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கூட்டங்களை அதே முறையில் நடத்துவதால், பிள்ளைகளைத் துரத்தும் ஆணையை எழுத்தில் போடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது துறை. முதல் குற்றம் அங்கேதான்.

சென்னை மாநகராட்சிக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1920ல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கிய நிர்வாகம் இது. ஏழை வீட்டுக் குழந்தை பள்ளிக்கு வராமல் போய்விடக் கூடாது என்ற கவலையில் பிறந்த திட்டம் அது. காமராசரின் மதிய உணவும் எம்.ஜி.ஆரின் சத்துணவும் இன்றைய காலை உணவும் அந்தக் கவலையின் வழி வந்தவை. நூறு ஆண்டுக்கு முன் சோறு போட்டுப் பிள்ளையை உள்ளே அழைத்த மாநகரத்தில், இன்று ரிசல்ட்டுக்காகப் பிள்ளையை வெளியே அனுப்பும் பள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அரசு செய்ய வேண்டியதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்துப் பள்ளியை அளப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்பு வரை வந்து தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், இடையில் போனவர்கள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடுங்கள். அதற்குப் புதிதாக எந்தப் படிவமும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள். ஆசிரியரின் நேரத்தைத் தின்று திரட்டிய அந்தத் தரவு முதன்முறையாகப் பிள்ளைக்குப் பயன்படட்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் டி.சி. கேட்டு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பள்ளிக்கு வெளியே உள்ள ஓர் அலுவலர் அந்தத் தாயின் வீட்டுக்கே போய் விசாரித்த பிறகே ஏற்க வேண்டும்.

வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வராத பிள்ளைகளுக்கு ஆறு முதல் ஒன்பது வரை பாடவேளைக்குள்ளேயே நாள்தோறும் நேரம் ஒதுக்குங்கள். மாலையில் வேலைக்குப் போகும் பையனால் ஸ்பெஷல் கிளாசுக்கு வர முடியாது. அந்த நேரத்தைப் பி.டி. பீரியடிலிருந்து எடுக்காதீர்கள். சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அந்த ஒரு பீரியடுக்காகத்தான். அந்த வகுப்பைப் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரிடம் கொடுங்கள். அவரை ஆண்டு நடுவில் தேர்தல் பணிக்கு அனுப்பாதீர்கள், 2007 தீர்ப்பை மதியுங்கள். வடசென்னையிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் உள்ள பள்ளிகளின் காலியிடங்களை முதலில், நிரந்தரமாக, முழு ஊதியத்தோடு நிரப்புங்கள். மதிப்பெண் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிள்ளைகளைப் பிரிப்பதை ஒரே உத்தரவில் ஒழிக்க முடியும். ஒழியுங்கள்.

அரசு மட்டும் அல்ல, பெற்றோரும் இதில் எழுந்து நிற்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். உங்கள் தெருப் பள்ளியின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தேர்ச்சி எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்களின் பெயர்கள் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.